நீலத்தின் விலை

மத்தியதரைக் கடலிற் செல்லும் உல்லாசக் கப்பல்கள் லிவோர்னோத் துறையிற் சேர்ந்ததும், பிரயாணிகளிற் பெரும்பாலார் பஸ்களில் ஏறிச் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிளாரன்ஸ் நகருக்கு விரைவது வழக்கம். யாமும் விரைந்தோம். போகவர மூன்று மணி நேரம், உணவுக்கு ஒன்று, நினைவுப் பொருள் வாங்க ஒன்று என வழிகாட்டிய அம்மையார் வகுத்துவிட்டார். எஞ்சிய சொற்ப நேரத்தில் மறுமலர்ச்சிக் காலக் கலை முழுவதையும் கண்டு திரும்பல் வேண்டுமாம்!

யாவரும் மைக்கலாஞ்சலோவின் தாவீதை நாடிச் சென்றனர். பிற சிற்பிகள் தொட்டுக் கைவிட்ட பளிங்கினின்று 1501-க்கும் 1504-க்கும் இடையில் எழுந்த அவ்வுருவம் காணத்தக்கதே. எனினும் அக்கடேமியா வாயிலில் நீண்ட வரிசையைக் கண்டதும் எமது கால்கள் வேறு திசை நோக்கின.

"இவ்வளவு தூரம் வந்து தாவீதைப் பாராமற் போனால் ஊரில் நகைப்பார்கள், தம்பி" என்றார் உடன்வந்த ஆசிரிய நண்பர்.

"எமக்குஞ் சேர்த்துத் தாங்களே பார்த்து வாருங்கள், அண்ணா" என்று கூறி நடந்தோம்.

சில நிமிஷ நடையில் இருக்கிறது இன்னொசென்டி என்னும் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம். பட்டு வணிகர் சங்கத்தின் பொருளால் 1419-ல் கட்டத் தொடங்கியது, வகுத்தவர் புரூனெல்லெஸ்கி. முதற்குழந்தை வந்தது 1445-ல். முகப்பின் வளைவுகளுக்கு மேலே, நீல வட்டங்களுள், துணி சுற்றிய சிசுக்கள் கைவிரித்து நிற்கின்றன. அவை ஆந்திரேயா தெல்லா ராபியாவின் சுடுமண் வேலை.

உள்ளே யாம் தேடிச் சென்றது கிர்லாந்தாயோ தீட்டிய மூன்று ஞானியர் வணக்கம். அதன் ஒப்பந்தப் பத்திரம் அழியாதிருப்பதை முன்னரே ஆங்கில நூலிற் படித்திருந்தோம். 1485 அக்டோபர் 23-ல், இல்லத் தலைவராயிருந்த பாதிரியாருக்கும் ஓவியருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை அது. கூலி 115 பொன் புளோரின். கெடு முப்பது மாதம். தவறினால் 15 புளோரின் தண்டம். நீல வர்ணம் அவுன்ஸ் நான்கு புளோரின் பெறுமான உயர்தரமாக இருத்தல் வேண்டும். அந்நீலமோ ஆப்கானிஸ்தானத்து மலைக்கல்லை அரைத்து எடுப்பது. பக்தியே கலையின் தாயென்று மேடைதோறும் முழங்குவோர் இப்பத்திரத்தை ஒருமுறை வாசித்தல் நலம். மாதாவின் மேலாடைக்குரிய நீலத்தின் தரத்தைப் பாதிரியாரே நாணயக் கணக்கில் வரையறுத்தார்!

தோட்டத்திற் கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு மற்றொரு ஷரத்தே வியப்பளித்தது. பாதிரியார் மாதத் தவணையைத் தவறவிட்டால், படம் முடிந்ததும் எஞ்சிய தொகை முழுவதையும் ஒருசேரக் கட்டவேண்டும். அஃதாவது, கூலி கொடுப்போனையும் அப்பத்திரம் கட்டுப்படுத்தியது. மலாயாவில் இந்தியர்க்கு 1910-ல் ஒழிந்த ஒப்பந்தக் கூலிமுறையிலோ, வேலையைவிட்டு ஓடியவனுக்குச் சிறை காத்திருந்தது. ஆயினும் பிளாரன்ஸைப் பொற்காலமென்று போற்ற வேண்டுவதில்லை. படம் அவ்விலை பெறாதெனத் தோன்றினால் குறைத்துக்கொள்ளும் உரிமையைப் பாதிரியார் தமக்கே வைத்துக்கொண்டார்.

படத்தின் எதிரில் நின்றபோது கணக்கு மறந்துவிட்டது. வர்ணங்கள் இன்றும் மங்கவில்லை. ஞானியரினும் எமது கண்ணைப் பிடித்தவை முன்னே மண்டியிட்டிருக்கும் இரு பாலகர். ஏரோது கொல்வித்த குழந்தைகளென்பர். மேனியில் வெட்டுக்காயம் தெரிகிறது. இல்லத்துக் குழந்தைகள் தம்மையொத்த இவ்விருவரையும் பீடத்திற் கண்டனர் போலும்.

மற்றோர் அறையிற் சிறு இழுப்பறைகள். பெற்றோர் குழந்தையோடு விட்டுச்சென்ற அடையாளங்கள் அவற்றுள் இருக்கின்றன: பாதியாய் உடைத்த பதக்கம், மணி, துணுக்கு நாணயம். மற்றப் பாதியைத் தாய் வைத்திருப்பாள், என்றேனும் வந்து பொருத்திக் காட்டுவதற்காக. குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட சாளரம் 1875-ல் மூடப்பட்டது. ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். பஸ் புறப்படும் நேரம் நெருங்கவே, கடைசி வரிசையைத் திறவாமல் வெளியேறினோம்.