ஜிப்சம் சுவரும் டிசம்பர் வெள்ளமும்

பாஞ்சாலங்குறிச்சிக்காரனுக்கு மண் சுவர் மேல் தனி மரியாதை உண்டு. 1799-ல் கும்பினியார் இடித்த கோட்டையை 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களிலேயே மண்ணால் மறுபடி எழுப்பினார்கள். கும்பினிப் படையின் முதல் தாக்குதலை அது தாங்கி நின்றது.

இப்போது வீட்டுக்குள் ஜிப்சம் போர்டு வந்துவிட்டது. இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சம், அரை இன்ச் கனம். தகரச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் இரண்டு மூன்று நாளில் தடுப்புச் சுவர் தயார். சிமெண்ட் பூச்சும் இல்லை, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. தீப்பிடித்தால் ஜிப்சத்தில் அடங்கியுள்ள நீர் ஆவியாகிச் சூடு பரவுவதைத் தாமதப்படுத்தும்.

இதற்கு எதிரி தண்ணீர்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். தூத்துக்குடியில் என் தங்கை வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது. ஹால் தடுப்பு நனைந்த அப்பளமாகி, கரும்பூஞ்சை பிடித்தது. கூரைக்கு அடித்த போர்டு அப்படியே இருந்தது.

"அண்ணே, திரும்பவும் இதையே அடிப்பமா? அவுக படத்த எங்க மாட்ட?" என்றாள். மாப்பிள்ளை தவறி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கீழே மூன்றடிக்குச் செங்கல், அதற்கு மேல் போர்டு என்று முடிவு செய்தோம். பச்சை நிறப் போர்டு ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. படம் வரும் இடத்தில் போர்டுக்குப் பின்னால் ப்ளைவுட் வைக்கச் சொன்னேன். வெறும் ஜிப்சத்தில் ஆணி நிற்காது.

போர்டு அடிக்க நினைப்பவர்கள் விலை கேட்கும் முன், அக்கம்பக்கத்தில் ஒன்று கேளுங்கள்: அந்த டிசம்பரில் இங்கே தண்ணீர் எதுவரை ஏறியது?