முட்டுக்கட்டை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை விநாடியில் அறுபது மைல் வேகத்தைத் தொடும் என்பதெல்லாம் ஓட்டுகிறவர்களின் கவலை. பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருகிறவனுக்கு ஒரே கேள்விதான்: வண்டி நிற்குமா? ஆகையால் பிரேக்கைப் பற்றி எழுத எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு என்றே நினைக்கிறேன்.

என் தங்கையும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் மாக்கிள்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் இருக்கிறார்கள். சென்ற வருஷம் இலையுதிர் காலத்தில் இரண்டு மாதம் அவர்களோடு இருந்தேன். மாப்பிள்ளை நிதானமான மனிதர். நிதானஸ்தர்களுக்கும் எங்கேயாவது ஒரு பலவீனம் இருக்கும் அல்லவா? அவருக்கு அது ஒரு கார். 1990களில் ஜப்பானில் செய்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடக்கிவிடலாம், முன்விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். இரண்டே ஆசனம். “மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் போகிற கார் எதற்கு அண்ணா?” என்பது தங்கையின் நெடுநாள் வழக்கு.

அந்த ஊருக்கும் பக்ஸ்டன் என்ற மலையூருக்கும் நடுவே ஒரு சாலை. சுமார் 1,690 அடி உயரத்தில் ‘கேட் அண்ட் ஃபிடில்’, அதாவது பூனையும் பிடிலும், என்ற பழைய விடுதி; சாலையையும் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். வளைவுக்குப் பின் வளைவாக இறங்கும் அந்தச் சாலையில் பிரேக்குக்கு ஓய்வு கிடையாது. நான் போவதற்கு முந்தின வாரம் மாப்பிள்ளை தம் ஒன்பது வயது மகளை ஏற்றிக்கொண்டு அதில் இறங்கியிருக்கிறார். பாதி வழியில் ஏதோ கருகும் நாற்றம். அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எப்படியோ புல்தரை ஓரமாக நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. குழந்தை சொல்லிவிட்டாள். எனக்கும் சொன்னாள்: “அப்பா மிதித்துக்கொண்டே இருந்தார் மாமா. கார் கேட்கவேயில்லை.”

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்திருந்தது. காரை விற்றுவிட வேண்டும் என்பது அவள் கட்சி. உலகத்திலேயே உயர்ந்த பிரேக் பேடுகளை வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பது அவர் கட்சி. மூன்றாம் நாள் இரவு வாக்குவாதத்தில், “நான் எது செய்தாலும் நீ முட்டுக்கட்டை!” என்று சொல்லிவிட்டார். தங்கை எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். அந்த வார்த்தையை அவ்வளவு மலிவாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. “மாப்பிள்ளை, ஆழித்தேரைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். அலங்கரித்த தேர் 96 அடி உயரம், ஏறக்குறைய 300 டன். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், புண்ணியமும் அவர்களுக்குத்தான். ஆனால் உருளும் சக்கரத்தின் அருகே குனிந்து, சரியான கணத்தில் கட்டையைச் செருகிவிட்டு விலகுகிறவர்கள் ஒரு சிலரே. அவர்கள் கை தவறினால் தேர் வீதியோரத்து வீட்டுக்குள் புகுந்துவிடும். திருச்சி பெல் தொழிற்சாலையார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை. தேரை இழுப்பவனைப் புகழ்கிறோம்; நிறுத்துகிறவன் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில், “மச்சான், கராஜ் வரைக்கும் வருகிறீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

கராஜ்காரர் எழுபது வயது இங்கிலீஷ்காரர். அவர் கேட்ட முதல் கேள்வி: “பெடல் எப்படி இருந்தது? பஞ்சு மாதிரி உள்ளே போயிற்றா, கல் மாதிரி நின்றதா?” கல் மாதிரி நின்றது என்றார் மாப்பிள்ளை. கிழவர் தலையாட்டினார். பஞ்சு மாதிரி போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தமாம். பெடல் விறைப்பாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேடுகள் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டன என்று அர்த்தம். பிரேக் வேகத்தை அழிப்பதில்லை, உஷ்ணமாக மாற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்கு. அத்தனையையும் தாங்க வேண்டியவை கையகலம்கூட இல்லாத சில வில்லைகள்.

மாப்பிள்ளை பந்தயக் கார்களுக்குரிய பேடுகளின் பெயரைச் சொன்னார். கிழவர், “குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறீர்களே, வீட்டிலிருந்து முதல் திருப்பம் எத்தனை தூரம்?” என்று கேட்டார். இருநூறு கஜம். “உறைபனிக் காலையில் இருநூறு கஜத்துக்குள் அவை சூடாகா. சூடாகாமல் அவை சரியாகப் பிடிக்கா.” பந்தயத்துக்கு உயர்ந்தது பள்ளிக்கூடத்துக்குத் தாழ்ந்ததாகிவிடுகிறது! கடைசியில் இரண்டுக்கும் நடுத்தரமாக, வேகமான சாலைக்கென்று செய்தவற்றை எடுத்தோம். பெட்டியில் ஆர் 90 முத்திரை இருந்தது. அசல் பேடுகளின் பிடிமானத்திலிருந்து நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் விலகவில்லை என்பதற்கு அந்த முத்திரை சாட்சி. கூடவே டாட் 4 பிரேக் ஆயில். புதிதாக இருக்கும்போது அது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். ஆகையால் பழையதை நம்பக்கூடாது.

இன்னொரு செய்தியும் சொன்னார் கிழவர். பிரேக் லைனிங் பிறந்ததே அந்த மலைப்பக்கத்தில்தானாம். வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலைச் செருகுவதைப் பார்த்து, ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-இல் சோதனைகளைத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயர், அவர் பெயரின் எழுத்துக்களோடு மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தைச் சேர்த்து மாற்றிப் போட்டது. வண்டியை நிறுத்தும் பொருளுக்கு மனைவியின் எழுத்தையும் சேர்த்துக்கொண்டாரே, அந்த மனிதர் விவரம் தெரிந்தவர்தான்!

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். பழைய பேடுகளில் கனம் மிச்சம் இருந்தது. ஆனால் முகம் வெந்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. காருக்கு முந்தின சொந்தக்காரர் போட்டுவைத்த மலிவுச் சரக்கு. தூசியை ஊதப் போன என்னைக் கிழவர் அதட்டினார். ஒரு காலத்தில் அதில் கல்நார் கலந்திருந்தது. பிரிட்டனில் 1999-இல்தான் அதைத் தடை செய்தார்கள். இப்போதைய தூசியும் நுரையீரலுக்கு உகந்ததல்ல. ஈரத்துணிதான் முறை.

முன்சக்கரத்துப் பிஸ்டனை மெதுவாக உள்ளே அழுத்தினால் போதும். பின்சக்கரத்தில் அழுத்தினால் நகராது. சின்ன போல்ட் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகை, 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் இடதுபுறமாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலத்தைக் காட்டுகிறவர்கள் காலிபரையே கெடுத்துவிடுவார்களாம். எல்லாம் மாட்டி, ஆயிலையும் மாற்றியபின், வண்டியை ஓர் அங்குலம் நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதிக்கச் சொன்னார். முதல் மிதியில் அது தரைவரை போகும். அதைச் சாலையில் போய்த் தெரிந்துகொள்ளக்கூடாது.

புதுப் பேடுகள் டிஸ்க்கோடு படிய வேண்டும். ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை வேகத்தைக் குறைத்து, முழுக்க நிறுத்திவிடாமல், பிறகு ஆறவிட வேண்டும். மாப்பிள்ளை சாவியை எடுத்தபோது நான் எழுந்தேன். தங்கை என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு அவளே போய்ப் பக்கத்து ஆசனத்தில் ஏறினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். காரை விற்பதைப் பற்றி அவள் பேசவில்லை. “இதை மறுபடி எப்போது கழற்றிப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டாள். ஆறு மாதம் என்றார். சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, ஏப்ரல் மாதத்தில் ஒரு கட்டத்தில் ‘பிரேக்’ என்று எழுதினாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தாளுக்கும் பேனாவைக் கொண்டுபோய், ‘ஆயில்?’ என்று எழுதினாள். “அது வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்” என்றார் அவர், மிகவும் பணிவாக.