ஆடிக் காற்றும் ஜப்பான் வீடும்

சித்தப்பா மகன் சின்னமனூர் பக்கம் தோட்டத்துக்குள் வீடு கட்டப் போகிறான். ஜப்பான் வீடு மாதிரியும் இருக்க வேண்டும், புதுசாகவும் இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கைபேசியில் படங்கள் காட்டினான்: வெள்ளைத் தாள் ஒட்டிய இழுப்புக் கதவு, மூங்கில், கூழாங்கல் பரப்பிய முற்றம். அழகுதான். ஆனால் ஆனி ஆடியில் மலையைத் தாண்டி எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்றுக்கு அந்தத் தாள் ஒரு வாரம் தாங்காது.

புதுச்சேரிக்குப் போய் கோல்கொண்டாவைப் பார்த்துவிட்டு வா என்றேன். அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி அது; தனிவீடு அல்ல. ஆனாலும் ஜப்பானிய மரபும் நவீனக் கட்டடக் கலையும் நம் வெயிலுக்கு ஏற்ப இவ்வளவு நன்றாகக் கூடிய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். செக் மண்ணில் பிறந்து, 1919இல் பிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக டோக்கியோ போய், அங்கேயே தொழில் நடத்தியவர். களத்தில் நின்றவர்களில் ஒருவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் ஜார்ஜ் நகாஷிமா. வேலை தொடங்கியது 1937இல். பணம் ஹைதராபாத் நிஜாம் அரசிடமிருந்து வந்தது, பெயரும் அதனால்தான்.

அங்கே தாளும் கிடையாது, கண்ணாடி ஜன்னலும் கிடையாது. முழுக்கக் கான்கிரீட். தெற்கிலும் வடக்கிலும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், திருப்பினால் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்கு இழுப்புக் கதவு. மூடினாலும் சட்டங்களின் இடுக்கில் காற்று போகும். உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடி வெக்கையை வாங்கிக்கொள்ளும். சுவரில் செட்டிநாட்டுப் பூச்சு, தரையில் கடப்பா கல்.

ஜப்பானிய வீட்டின் உயிர் இதுதான் என்று நினைக்கிறேன். சுவர் நகரும், நிழலுக்கென்றே கூரை தாழும், மரம் மரமாகவே இருக்கும். ரேமண்ட் அந்த உயிரை எடுத்துக்கொண்டு தாளை ஜப்பானிலேயே விட்டுவிட்டார்.

கம்பம், உத்தமபாளையத்துப் பழைய ஓட்டு வீடுகளின் திண்ணையும் தாழ்ந்த இறவாரமும் நடுமுற்றமும் இதற்குத் தூரத்துச் சொந்தமல்ல, நெருங்கிய உறவு. அவற்றை இடித்துவிட்டு மேற்கே முழுக்கக் கண்ணாடி வைத்த ‘எலிவேஷன்’ கட்டுகிறோம். சன்ஷேடு ஒரு முழம்கூட நீளாது. பிறகு பகலெல்லாம் ஏசி. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

கோல்கொண்டாவையும் அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அங்கே வருவது கடல் காற்று. இங்கே ஆடிக் காற்று புழுதியோடு வரும். மேற்கே கனத்த கருங்கல் சுவரும் அதற்கு வெளியே வேம்பும் புங்கையும் நிற்கட்டும். திறக்கும் பலகைகளை வடக்கிலும் கிழக்கிலும் வைக்கலாம். தம்பியிடம் இதைத்தான் சொன்னேன்.

நம் பக்கம் வீடு கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்ஜினியரிடம் படத்தை நீட்டுமுன் ஆடியில் ஒரு பகல் முழுக்க உங்கள் மனையில் நில்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மூன்று மணி வெயில் எங்கே விழுகிறது என்று எழுதி, அந்தக் காகிதத்தை அவரிடம் முதலில் கொடுங்கள்.