காற்றும் கன்றும்

பட்டுக்கோட்டைக்கு அருகில் உள்ள எங்கள் சிற்றூரில் தென்னையே செல்வம். ஒரு வீட்டின் நிலையை அதன் தோப்பைக்கொண்டே மதிப்பிடுவர். அச்செல்வம் ஒரே இரவில் அழிந்ததை என் கண்ணால் கண்டேன். 2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியுமுன், 'கஜா' என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் காற்று வீசியது. பொழுது புலர்ந்தபோது, எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீழ்ந்து கிடந்த தென்னை ஒன்றின்மீது அமர்ந்த என் தந்தையார், நெடுநேரம் வாய் திறக்கவில்லை.

மறு ஆண்டு மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி மாங்கன்றுகளை நட்டேன். காற்றைப்பற்றிய அச்சம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆதலால் ஒவ்வொரு கன்றுக்கும் பருத்த சவுக்குக் கழி ஒன்றை ஊன்றி, அடி முதல் நுனி வரை கயிற்றால் இறுகக் கட்டினேன். தென்மேற்குப் பக்கத்தில் தகரத் தட்டிகளால் மறைப்பு அமைத்தேன். நாள்தோறும் தூரில் சிறிது சிறிதாக நீர் வார்த்தேன். கன்றுகள் விரைந்து உயர்ந்தன, நானும் மகிழ்ந்தேன்.

2021ஆம் ஆண்டு ஆனியில், இனிக் காவல் வேண்டா என்று எண்ணிக் கட்டுகளை அவிழ்த்தேன். ஆடிக்காற்று எழுந்தது. மூன்று கன்றுகள் வளைந்து தரையைத் தொட்டன. ஒன்று, கயிறு அறுத்த தழும்பிலேயே முறிந்தது. ஆனால் வேலியோரத்தில் தானே முளைத்து, ஒருவர் துணையுமின்றி வளர்ந்த வேம்பு ஒன்று, ஆடிக்கொண்டே நிமிர்ந்து நின்றது!

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இதனைக் கண்டு நகைத்தார். "தம்பி, நீ கன்றுக்கு நிற்கக் கற்பிக்கவில்லை, கழியில் சாயக் கற்பித்தாய்" என்றார்.

அவர் கூற்றில் உண்மை இருந்தது. காற்றில் அசையும் கன்றின் அடித்தண்டு பருக்கிறது. வேரும் மண்ணை இறுகப் பற்றுகிறது. அசையாத கன்று உயர்கிறதேயன்றி உரம் பெறுவதில்லை. ஆகவே கழியைக் கன்றின் தூரைவிட்டுச் சற்றுத் தள்ளி ஊன்ற வேண்டும். அகன்ற துணியையோ மெல்லிய சணற்பட்டையையோ எட்டு வடிவில் வளைத்து, தண்டு சிறிது ஆடுமாறு தாழ்வாகக் கட்ட வேண்டும். வேர் ஊன்றியபின், ஓராண்டளவில் அக்கட்டை நீக்கிவிடுதல் நலம். நாள்தோறும் சிறிதளவு நீர் ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவிட்டு, தூருக்கு அப்பால் ஆழ நனைத்தால் நீரைத் தேடிக் கீழிறங்கும்.

தகர மறைப்பும் பயன்படவில்லை. தடைபட்ட காற்று அதன்மேல் ஏறி, மறுபுறம் சுழன்று விழுந்து செடிகளைத் தாக்கியது. உயிர்வேலியோ காற்றை முற்றும் தடுப்பதில்லை. ஊடே செல்லவிட்டு, அதன் வேகத்தைத் தணிக்கிறது. தன் உயரத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தொலைவுக்கு அது பயிரைக் காக்கும். எனவே தகரத்தை அகற்றிவிட்டு, இரண்டு வரிசையாகச் சவுக்கு நட்டேன். குலை தள்ளிய வாழைக்கு மட்டும் வலிய முட்டுக் கொடுத்தேன். அதன் மெல்லுடல் குலையின் பாரத்தையும் காற்றையும் ஒருங்கே தாங்காதன்றோ?

பெரும்புயலை எவ்வேலியும் முழுதும் தடுத்துவிடாது. இதனை என் தந்தையார் நன்கு அறிவார். ஆயினும் அவர் ஒருநாள் மண்வெட்டியுடன் தோப்புக்குச் சென்றார். மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, நெட்டைத் தென்னங்கன்று ஒன்றை நட்டார். அது காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும்.

"கழி ஊன்றட்டுமா, அப்பா?" என்று கேட்டேன்.

"ஊன்று, ஆனால் ஆட இடம் விடு" என்றார்.

மாணவர்களே, அன்பு காவலாகலாம், கட்டாகிவிடலாகாது. கன்றுக்கு மட்டுமன்று, வளரும் உயிர்கள் அனைத்துக்கும் இது பொருந்தும்.