பத்துப் பேர் மிஞ்சியிருக்கும் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை 11ஆம் தரத்துக்கு இரண்டாம் உலகப் போர் படிப்பித்துக் கொண்டிருந்தேன். ஹிட்லர் யூதர்களைக் கொன்ற பகுதி வந்ததும் பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், அவங்கட ஆலிம்மார் அந்த நேரம் என்ன செஞ்சாங்க? ஓடிட்டாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லு, ஆனால் நாளைக்குக் கட்டாயம் சொல்லு என்பது கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தது. அன்றிரவு தேடி வாசித்தேன். கிடைத்த பெயர் ரப்பி லியோ பெக். ரப்பி என்றால் யூதர்களின் மார்க்க அறிஞர். அந்தச் சொல்லைக் கண்டதும் கடந்து போய்விடாதீர்கள்.

1873இல் பிறந்தவர். 1912 முதல் பேர்லினில் ரப்பி. ரப்பிமாரைப் பயிற்றும் கல்லூரியில் விரிவுரையாளரும்கூட. முதலாம் உலகப் போரில் ஜேர்மன் படையினருடன் மதகுருவாகப் போர்முனைக்குப் போனவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜேர்மனியில் சுமார் 5 இலட்சம் யூதர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பொது அமைப்புக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அப்போது வயது 60. தொழில் பறிபோனவர்களுக்கு உதவி, பாடசாலையை விட்டு விரட்டப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு, வெளிநாடு போகிறவர்களுக்கு வழி என்று எல்லாம் அவர் தலையில்.

வெளிநாடுகளிலிருந்து அவருக்கும் அழைப்புகள் வந்தன. போகவில்லை. நமக்கு ஜும்ஆவுக்கு 40 பேர் வேண்டும் என்பது போல, அவர்களுடைய கூட்டுத் தொழுகைக்கு 10 பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் மிஞ்சியிருக்கும் வரை தன் இடம் இங்கேதான் என்பது அவர் பதில். 1939இல் ஒரு ரயில் நிறையப் பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகச் சேர்த்தார். அங்கேயே நின்றிருக்கலாம். திரும்பி வந்தார்.

1943 ஜனவரியில் ஒரு காலை அவரைப் பிடிக்க வந்தார்கள். கொஞ்சம் அவகாசம் கேட்டார். எதற்கு? வீட்டு மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கட்ட வேண்டிய காசைத் தபாலில் அனுப்ப ஒழுங்கு செய்வதற்கு. கடனோடு மௌத்தாகக் கூடாது என்று நம்ம மூத்தம்மா சொல்வது எனக்கு நினைவு வந்தது.

தெரேசியன்ஸ்டாட் என்ற முகாமுக்குக் கொண்டு போனார்கள். இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. சுமார் 1,40,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். ஏறக்குறைய 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 88,000 பேர் வரை அங்கிருந்து கொலை முகாம்களுக்கும் வேறு இடங்களுக்கும் ஏற்றப்பட்டார்கள். 70 வயது மனிதர் பகலில் குப்பை வண்டி இழுத்தார். இரவில், வெளிச்சமில்லாத அறையில் நெருக்கியடித்து நின்ற சனத்துக்குத் தத்துவம் படிப்பித்தார்.

இதுவரை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பகுதிதான் நித்திரையைக் கெடுத்தது.

ஏற்றப்படுகிறவர்கள் நச்சுவாயுவில் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி 1943இலேயே அவருக்குத் தெரிய வந்தது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அந்த முடிவு வரும் என்று நிச்சயமில்லை, மரணத்தை எதிர்பார்த்துக்கொண்டு வாழ்வது இன்னும் கொடுமை என்று நினைத்தார். உண்மை தெரிந்திருந்தால் சிலராவது தப்ப முயன்றிருப்பார்களே என்று பிற்காலத்தில் பலர் அவரைக் கண்டித்தார்கள்.

அதை வாசித்ததும் எனக்கு ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். சில வருடங்களுக்கு முன் சாதாரண தரப் பரீட்சை. அவள் உள்ளே போகப் போகிற நேரம் எனக்குக் கோல் வந்தது. அவளுடைய வாப்பா மௌத். நான் சொல்லவில்லை. "நல்லா எழுதுங்க மகள்" என்று அனுப்பிவிட்டேன். அவள் வெளியே வந்த பிறகுதான் சொன்னேன். பாஸானாள். அதன் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அந்த மூணு மணித்தியாலமும் நான் சந்தோஷமா எழுதிட்டு இருந்தேனே சேர்." கோபப்படவில்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கும் பதில் வரவில்லை.

ரப்பி சுமந்த பாரத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் மற்றவருக்குரிய உண்மையை அவர் நன்மைக்கென்று நினைத்து மறைப்பது எவ்வளவு இலகுவாக நடந்துவிடுகிறது என்று எனக்குத் தெரியும்.

1945 மே மாதம் முகாம் விடுதலையானது. அவர் உடனே வெளியேறவில்லை. டைபஸ் காய்ச்சல் பரவியிருந்த அந்த இடத்தில் நோயாளிகளோடு இருந்தார். பிறகு இலண்டனில் மகளிடம் போனார். அங்கேயும் எழுத்து, படிப்பித்தல். 1956இல் 83 வயதில் காலமானார்.

அடுத்த நாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்ததையும் சேர்த்து. அதே பிள்ளை மறுபடி எழும்பினான்: "ஓடல்ல. சரி. ஆனா சொல்லாம விட்டது சரியா சேர்?"

தன் சனத்தை விட்டு ஓடாத ஒரு மனிதர். அது எனக்கு உறுதியாகத் தெரியும், அதைச் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். ஒரு கிழமை போய்விட்டது.

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?