கன்னம் வைத்த சுவர்

பூட்டிய வீட்டில் ஆள் புகுந்து நகை போனால் கோவையை அடுத்த மதுக்கரைப் பக்கம் “பூட்டை ஒடச்சுப் போட்டானுங்க” என்பார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அதுவே கன்னக்களவு. ஆதாயக்கொலை, கூட்டுக்கொள்ளை, வழிப்பறி, கன்னக்களவு, திருட்டு என்று போகும் ஸ்டேஷனின் குற்ற வரிசையில் கன்னக்களவு என்ற சொல்லுக்குள் மட்டும் ஒரு வீட்டுச் சுவர் நிற்கிறது.

*

இந்தக் கன்னம் முகத்தில் இருப்பதல்ல. திருடன் சுவரில் போடும் துளை. தோண்டும் கருவி கன்னக்கோல். துளை போடுவது கன்னம் வைத்தல். ‘உண்ட வீட்டில் கன்னம் வைக்கிறவன்’ என்ற வசவு இன்றும் புழங்குகிறது. திட்டுபவர்களில் பலர் கன்னக்கோலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

எழுத்து: றன்னகரம். ‘கண்ணக்களவு’ தவறு, கண்ணுக்கும் இதற்கும் உறவில்லை. நடுவில் ‘க்’ மிகும்.

*

பிறப்பு. வடமொழியில் தோண்டுவதைக் குறிக்கும் வினையோடு இதை முடிச்சுப் போடலாம், ஒலி ஒத்துவருகிறது. ஆனால் தெலுங்கில் ‘கன்னம்’ என்றால் எந்த ஓட்டையும்தான். திருடன் போட்டதாக இருக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் ‘கன்ன’ என்றால் திருடன் சுவரில் போட்ட ஓட்டை. தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிற குடும்பங்கள் கோவையில் ஏராளம், கேட்டுப் பார்க்கலாம். ஓட்டை என்ற பொதுப்பொருள்தான் முதலில் இருந்தது, திருட்டு அதில் பிறகு ஏறியது என்றே எனக்குப் படுகிறது. வடமொழி நாடகம் ஒன்று இந்தத் துளையைச் சொல்ல வேறொரு சொல்லையே எடுக்கிறது: சந்தி.

*

அந்த நாடகம் சூத்திரகரின் மிருச்சகடிகம். மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் என்ற பிராமணன் கன்னம் வைக்கிறான். தண்ணீர் பட்டுப்பட்டு இளகிய இடமாகத் தேடுகிறான். ஊறிய இடம் சத்தம் போடாது. தாமரை, சூரியன், பிறைநிலா என்று எந்த வடிவில் துளை போடலாம் என யோசிக்கிறான். அளக்க நூல் கொண்டு வரவில்லை, பூணூலால் அளக்கிறான். துளை முடிந்ததும் உடனே நுழைவதில்லை. ஒரு பொம்மை மனிதனை முதலில் உள்ளே விட்டுப் பார்க்கிறான். அரிவாளோடு வீட்டுக்காரர் விழித்திருந்தால்? அவன் வணங்கும் தெய்வம் நம் முருகன்.

மதுரைக்காஞ்சியும் நள்ளிரவில் உளியும் நூலேணியுமாகத் திரியும் கள்வரைக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் கள்வருக்குத் துணையாகும் எட்டை அடுக்குகிறான். மந்திரத்தில் தொடங்கி, கடைசியில் கருவி. கோவலன் அந்தப் பேச்சில்தான் மாட்டுகிறான்.

*

கன்னத்துக்கு மண்சுவர்தான் வசதி. கொங்கு நாட்டுப் பழைய வீடுகள் பெரும்பாலும் செம்மண்ணைக் குழைத்து வரிவரியாக ஏற்றிய சுவர்தான். மழையில் அடிப்பகுதி ஊறும், எலி வளை பறிக்கும். கன்னக்கோல் அங்கேதான் இறங்கும். 1930களில் மதுக்கரையின் சுண்ணாம்புக்கல்லை நம்பி சிமென்ட் ஆலை வந்தது. மெல்ல மெல்ல மண்சுவர் போய், செங்கல்லும் சிமென்ட் பூச்சும் வந்தன. அந்தச் சுவரைச் சத்தமில்லாமல் துளைக்க முடியாது. கள்ளன் கதவுக்குப் போனான். கடப்பாரையும் இரும்புக் கம்பியும் கைக்கு வந்தன. இந்தச் சொல்லின் கதையை மதுக்கரையில் வைத்து எழுதத் தோன்றியது இதனால்தான்.

*

1860இன் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 445. வீட்டை உடைத்து நுழைவதற்கு அது தரும் முதல் எடுத்துக்காட்டே இதுதான்: ஒருவன் அடுத்தவர் வீட்டுச் சுவரில் துளை போட்டு அதன் வழியே கையை விடுகிறான். முழு ஆள் நுழைய வேண்டியதில்லை, கை போதும். கதவு ஓட்டையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவதும், வீட்டுக்காரர் தொலைத்த சாவியால் திறப்பதும் அதே குற்றம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவு இதன் இடத்தில் இருக்கிறது.

ஆகவே சுவரில் கீறல் விழாத வீட்டுக்கும் ‘கன்னக்களவு’ என்று எழுதும் ஏட்டையா சரியாகவே எழுதுகிறார். பத்திரிகைகள்தான் எல்லாவற்றுக்கும் ‘கொள்ளை’ என்று தலைப்புப் போடுகின்றன. கொள்ளை என்றால் ஆளை மிரட்டியோ அடித்தோ பறிப்பது. ஊருக்குப் போனவர் வீட்டில் யாரை மிரட்டினார்கள்? அந்தத் தலைப்பில் கன்னக்களவு என்றே போடலாம், றன்னகரத்தோடு.