சுடப்பட்ட தேவதூதர்கள்

பழியை யார் தலையில் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்தவன் தலையில் போட்டால்தான் அது வழுக்காமல் நிற்கும். இதை எனக்கு நன்றாக உணர்த்தியது ஒரு தேவாலயத்தின் கூரை.

இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையை ஒட்டிய ஸஃபோக் மாவட்டத்தில் ப்ளைத்பர்க் என்று ஒரு சிற்றூர். ப்ளைத் ஆற்றின் சதுப்பு நிலத்துக்கு மேலே, ஊருக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியபோது ஊர் ஒரு துறைமுகம். பிறகு கப்பல்கள் பெரிதாயின, ஆறு தூர்ந்தது, வியாபாரம் போயிற்று. தேவாலயம் மட்டும் மிஞ்சியது.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது வெளிச்சம். ஜன்னல்களில் பெரும்பாலும் வண்ணமில்லாத கண்ணாடி. காலடியில் செங்கல் தரை. அண்ணாந்து பார்த்தால், மர முகட்டில் இரண்டிரண்டாக, முதுகோடு முதுகு சேர்த்து, இறக்கை விரித்த தேவதூதர்கள்! கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையில் அந்தக் காலத்தில் தீட்டிய சிவப்பும் பச்சையும் வெளுத்துப் போய், பழைய பட்டுப் புடவை போல் இருக்கின்றன.

அந்தத் தேவதூதர்களின் உடம்பில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருந்தன. யார் சுட்டது? ஊரார் வெகுகாலம் சொல்லி வந்த பதில், வில்லியம் டௌஸிங்கின் ஆட்கள் என்பது. உள்நாட்டுப் போர்க் காலத்தில், உருவங்களை உடைப்பதற்கென்றே தேவாலயம் தேவாலயமாகப் போன மனிதர் அவர். 1644 ஏப்ரலில் இங்கும் வந்தார். இருபது தேவதூதர்களை இறக்கவேண்டும் என்று தம் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். பிரார்த்தனை வாசகங்கள் சிலவற்றை உடைத்ததையும் அவரே ஒப்புக்கொள்கிறார். கதைக்கு இதைவிடப் பொருத்தமான வில்லன் கிடைப்பானா?

ஆனால் உண்மை வேறு. 20ஆம் நூற்றாண்டில் கூரையைப் பழுது பார்த்தபோது கிடைத்த குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. முகட்டில் கூடு கட்டிய ஜாக்டா என்னும் காக்கை இனப் பறவைகளைச் சுடுவதற்குத் தேவாலய நிர்வாகிகள் பணம் கொடுத்தது அந்த நூற்றாண்டுக் கணக்கிலேயே இருக்கிறது! சுட்டவர்கள் பகைவர்கள் அல்லர்; ஞாயிறுதோறும் அதே தேவதூதர்களுக்குக் கீழே மண்டியிட்டவர்கள். காக்கைக்கு வைத்த குறி கந்தர்வனைத் தாக்கியது.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பழைய கதைதான் ருசிக்கிறது. வெறி பிடித்த வீரனும் வாய் திறவாத தேவதூதனும் எவ்வளவு நேர்த்தியான ஜோடி! காக்கை விரட்டிய கூலிக் கணக்கில் நாடகம் ஏது? ஆயினும் டௌஸிங்குக்கு அவர் செய்த குற்றங்களே போதும். செய்யாததையும் சேர்ப்பது நியாயமாகாது.

அழிவு பெரும்பாலும் வெறுப்பினால் வருவதில்லை, அசிரத்தையினால் வருகிறது. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ், குடையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் பிரார்த்தனை செய்த காலமும் அங்கே உண்டு. 1881இல் ஆபத்தான கட்டிடம் என்று மூடினார்கள். எப்படிப் பழுது பார்ப்பது என்பதில் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்துக்கும் பாதிரியாருக்கும் தகராறு. 1884இல் மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகும் கூரைக்கு யாரும் புது வர்ணம் பூசவில்லை. அதனால் அல்லவா நாம் இன்று அந்தப் பழைய வர்ணத்தைப் பார்க்கிறோம்!

கீழே, பெஞ்சுகளின் ஓரங்களில் பாவங்களை மனித உருவில் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பேறி படுக்கையை விட்டு எழவில்லை. பேராசைக்காரன் பணப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறான். அவர்களோடு அவதூறு பேசுகிறவனும் இருக்கிறான், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு. மேலே குண்டடி பட்ட தேவதூதர்கள், கீழே அவன். டௌஸிங்கைப் பற்றிய கதை எத்தனை தலைமுறையாக அவன் காதில் விழுந்திருக்கும்!